தூக்கம் வராதவர்களுக்கான ஜாஸ்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எவளாவது வாஷிங் மெஷின் போடுவாளா என்று மூடியை அமுக்கும்போதே செசிலிக்குத் தன்மேல் சிரிப்பு வந்தது, காலையில் பூசைக்குக் கட்டிய புடவை ஒன்று, அவருடைய சட்டை இரண்டு, இன்னும் சில நாள் தாங்கக்கூடிய தலையணை உறைகள், இந்தக் கையளவு அழுக்குக்கு ஒரு தொட்டித் தண்ணீரா என்று அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள், அம்மாவிடம் எப்படிச் சொல்வது, அழுக்குக்காகப் போடவில்லையம்மா, துவைத்து முடித்ததும் இது கீக் கீக் என்று கூப்பிடுமே, அந்தக் கூப்பாடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிற உன் மருமகன் காதில் விழுகிறதா என்று பார்க்கத்தான் போடுகிறேன் என்று. போன மாதம் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், அது கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தது, அவர் பாட்டுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் செசிலி கணக்கு வைக்க ஆரம்பித்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கணக்கில் வந்து சேர்ந்தன, இருட்டில் கொசுவைச் சத்தத்தை வைத்தே அடித்துக் கொல்கிற மனுஷன் இப்போது காதோரம் கொசு பாட நிம்மதியாகத் தூங்குகிறார், பால் பொங்குவதற்கு முன்னால் வருகிற சின்ன இரைச்சலுக்கு அவர்தான் முதலில் ஓடுவார், இப்போது பால் அடுப்பில் வழிந்து தீயும் வாசனை வந்தால்தான் எழுந்திருக்கிறார். செசிலி சும்மா இருப்பவளா, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மொசைக் தரையில் ஊக்கைப் போட்டுப் பார்த்தாள், தீப்பெட்டியைக் குலுக்கிப் பார்த்தாள், மெதுவாக "என்னாங்க, பாயசம் வைக்கட்டா" என்று கேட்டும் பார்த்தாள். ஊக்கும் தீப்பெட்டியும் அவர் காதில் விழவில்லை. பாயசம் மட்டும் விழுந்தது, கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடியே "முந்திரி நிறையப் போடு" என்றார். அந்த ஒரு பாயசத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அப்படியும் ஒருநாள் கேட்டே விட்டாள், ஒரு தடவை டாக்டரிடம் காட்டினால் என்ன, அவ்வளவுதான் கேட்டது, அதற்கு அந்த மனுஷன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு "என் காது எனக்குத் தெரியும் செசிலி" என்றார், இரண்டு நாள் பேச்சில்லை. தான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்து மருத்துவ முகாமுக்கு வந்த காது டாக்டரிடம் அவள் யாரோ தூரத்துச் சொந்தக்காரருக்கு என்று சொல்லி விசாரித்தாள், அந்த அம்மாள் சொன்னார், போனது திரும்பி வராது டீச்சர், ஆனா இருக்கிறதைக் காப்பாத்தலாம், சீக்கிரம் வரச் சொல்லுங்க. சீக்கிரம் வரச் சொல்லுங்களாம். அவள் வீட்டுக்காரர் பிலவேந்திரனைச் சீக்கிரம் எங்கே வரச் சொல்லி வந்திருக்கிறார், சொந்தக் கல்யாணத்துக்கே டிரம்ஸ் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தார். இருபத்தைந்து வருஷம் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர், இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள், நடுவில் அவர், கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சி மாநாடு, விடிய விடியக் குச்சியால் அடி அடியென்று அடித்துச் சம்பாதித்துத்தான் முத்தியால்பேட்டையில் இந்த வீடு, மகள் ரோஸ்லினின் படிப்பு, அவளைப் பிரான்சுக்கு ஏற்றிவிட்ட செலவு எல்லாம். அந்தப் பாட்டெல்லாம் வயிற்றுக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி கடற்கரைப் பக்கத்து ஓட்டலில் பியானோ ரெமியோடும் பாஸ் கோபாலனோடும் உட்கார்ந்து வாசிக்கிற ஜாஸ்தான் தனக்கு என்பார். தனக்கென்று வைத்திருந்ததைக் கேட்கிற காதை வயிற்றுக்கு வாசித்தது தின்றுவிட்டதா என்று நினைத்துக்கொண்டே செசிலி அடுப்படியில் டீயை வடிகட்டினாள். சே, இன்றைக்குப் போய் இதையெல்லாம் நினைப்பானேன், இன்றைக்கு நல்ல நாள், டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போகலாம்.

கூடத்தில் மனுஷன் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார், டிவி பார்க்க இஸ்திரிச் சட்டை. செசிலியின் தம்பி அமலன் சோபாவில் கால் மடித்து, ஒரு கண் டிவியிலும் ஒரு கண் தன் போனிலுமாக இருந்தான். திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன, இன்னும் சில நிமிடங்களில் 'பாட்டுக் கொட்டகை' சேனலில் அத்தானின் வீடியோ வெளியாகப் போகிறது. நாற்பது லட்சம் பேர் பின்தொடர்கிற சேனல் என்று அமலன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். அந்த நாற்பது லட்சத்தில் பிலவேந்திரனைப் போல் ஒரு பைத்தியம் இருந்திருக்காது, அவர்கள் எந்தப் பாட்டைப் போட்டாலும், கானாவோ, கல்யாண நடனப் பாட்டோ, பழைய சினிமாப் பாட்டைப் புதிதாகப் பாடியதோ, கீழே போய் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுவார், 'அருமை. ஜாஸ் எப்போது?' வருஷக்கணக்காக. சேனல் பார்க்கிற பிள்ளைகள் அவருக்கு ஜாஸ் அங்கிள் என்று பேர் வைத்துவிட்டார்கள், 'அங்கிள் இன்னைக்கு லேட்டு' என்று கிண்டல் செய்வார்கள், அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி கேட்பார். கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒருநாள் அந்தச் சேனல்காரர்களே கூப்பிட்டார்கள், வாங்க அங்கிள், நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ரோஸ்லின் பிறந்தபோதுகூட அப்படி இல்லை, சரி, ரோஸ்லின் பிறந்தபோது அப்படித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வீடியோவுக்கு அவர்கள் வைத்த தலைப்பு நேற்றுத்தான் தெரிந்தது. 'தூக்கம் வரவில்லையா? இந்த ஜாஸைக் கேளுங்கள்.' அவர் அதை ரெமிக்குப் படித்துக் காட்டினார். ரெமி போனில் கத்தினான். இவர்தான் அவனைச் சமாதானம் செய்தார், வரட்டும்டா, எப்படியாவது வரட்டும்.

"ஒரு வருஷத்துக்கு எத்தனை வீடியோ போடறானுங்க, ஜாஸுக்கு இது ஒண்ணு. யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்றார் இப்போது, டீயை வாங்கிக்கொண்டே. அமலன் விடுவானா, "அத்தான், கடைக்காரன் விக்கிறதைத்தான் அடுக்குவான். ஜாஸை எவன் பாக்கறான்? பாத்தா போடுவான்." "போட்டாத்தானடா பாப்பான்." "பாத்தாத்தான் போடுவான் அத்தான்." "உங்கக்கா மொதமொதல்ல ஆக்கின மீன்கொழம்பை எவன் தின்னான்? தின்னத் தின்னத்தான ருசி வந்துச்சு?" "அதுக்கு நீங்க தலையெழுத்தேன்னு தின்னீங்க, பாக்கறவனுக்கு என்ன தலையெழுத்து?" சிரித்தார்கள். அமலன் கூப்பாட்டுக் குரல்காரன், அவன் பேசுவது எப்போதும் இவருக்கு விழும். இந்தச் சண்டை பல வருஷமாக இதே வீட்டில் இதே சோபாவில் நடக்கிறது, முடிவில் அவர் ஒரு பழமொழியை எடுத்துப் போட்டு முடித்து வைப்பார், "எல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு" என்று, செசிலி அதற்காகக் காத்திருந்தாள், அவர் டீயைக் குடித்தார். சொல்லவில்லை. போன தடவையும் சொல்லவில்லை, அதற்கு முந்தின தடவையும்; எப்போதிருந்து அந்தப் பழமொழியை விட்டார்? ஒரு மனுஷன் வாயில் இருபது வருஷம் ஊறிய பழமொழி தானாகவா கழன்று விழும்? வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. அவர்கள் சண்டையை நினை. எது போதும், எது போதாது? அவள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், கையைத் தூக்கித் தூக்கிக் கத்துகிற ஐந்தாறு பேரை எல்லா டீச்சருக்கும் தெரியும், மூலையில் உட்கார்ந்து சன்னமாகப் பேசுகிற பிள்ளையை எவ்வளவு நேரம் பார்த்தால் போதும்? அதற்கு அளவு உண்டா? அமலன் சொல்வதிலும் தப்பில்லை, கடைக்காரன் கடைக்காரன்தானே. ஆனால் டீச்சர் கடைக்காரியில்லை. நாற்பது லட்சம் பேரைக் கூட்டி வைத்திருக்கிறவன் கடைக்காரனா, டீச்சரா? அவளுக்குத் தெரியவில்லை. அவள் மட்டும் என்ன யோக்கியம், இசைக்குக் காவலான புனிதையின் பேரை வைத்துக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கியவள், இத்தனை வருஷத்தில் ஒரு ஜாஸையாவது முழுசாகக் கேட்டிருக்கிறாளா, வெள்ளிக்கிழமை ஓட்டலில் உட்கார்ந்தால் இரண்டாவது நிமிடத்தில் நாளைக்கு இட்லிக்கு உளுந்து போட்டேனா என்று போய்விடும். பாட்டை அவள் கேட்டதில்லை. அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எண்கள் தீர்ந்து திரையில் ரெமியின் விரல்கள் வந்தன. பியானோவை அவன் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டே போனான், கோபாலன் ஆளுயர வயலின் மாதிரி இருக்கிற பாஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான், பகலில் இன்சூரன்ஸ் பேசி ஊரைப் பயமுறுத்துகிறவன் ராத்திரியில் இந்தப் பெரிய கட்டையைக் குழந்தை மாதிரி வைத்துக்கொள்வதைப் பார்த்தால் எவரும் பாலிசி எடுத்துவிடுவார்கள். அப்புறம் அவர் வந்தார். நீலச் சட்டை, அவள் எடுத்துக் கொடுத்தது, கையில் குச்சியில்லை, இரண்டு கம்பி பிரஷ்கள், விசிறி போல் விரிந்த மெல்லிய கம்பிகள், இடது கை டிரம்மின் தோலில் வட்டம் போட ஆரம்பித்தது. அந்த வட்டத்தை அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி முதல் விடியற்காலை, புது வீடு, புது ஜன்னல், எங்கேயோ வாசல் பெருக்குகிற சத்தம், சர்ர்ர், சர்ர்ர், சர்ர்ர். ஐயோ மாமியார் எழுந்து பெருக்குகிறாரே, புது மருமகள் தூங்குகிறாளே என்று அலறிப் புடைத்து, அவிழ்ந்த கொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து ஓடினால் வாசலில் யாருமில்லை, மாமியார் குறட்டை உள்ளறையில் கேட்கிறது, கூடத்தில் புது மாப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளுடைய முகூர்த்தப் புடவை வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "தொடப்பம் எங்க?" என்றாள் அவள், அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் சிரித்த சிரிப்பில் மாமியாரே எழுந்துவிட்டார். அந்த அட்டைமூடி இன்னும் இருக்கிறது, நடுவில் வெளுத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, அதில்தான் தினமும் விடியலில் வாசிப்பார், வயிற்றில் ரோஸ்லின் இருந்தபோதும் வாசித்தார், பிறந்த குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்காமல் படுத்தினால் பக்கத்தில் அட்டையை வைத்து சர்ர்ர், சர்ர்ர், அது கண்ணைச் சொருகிவிடும். தூக்கம் வராதவர்களுக்கான ஜாஸ். தலைப்பு வைத்தவனுக்கு இது தெரியாது பாவம், இவளும் ரெமியிடம் சொல்ல மாட்டாள், மறுபடி கத்துவான்.

இடது கை வட்டம் போட்டது, வலது கை அதன் குறுக்கே தட்டியது, கேமரா கிட்டே போய் அந்தக் கம்பிகளையே காட்டியது, செசிலி டீத்தம்ளரைக் கீழே வைத்தாள். சத்தம் எங்கே? பியானோ வருகிறது. பாஸ் தும் தும் என்று வருகிறது. சர்ர்ர் எங்கே? வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும்போது வாயை மட்டும் அசைக்கிற பிள்ளையை அவள் திரும்பாமலே கண்டுபிடிப்பாள், குரல்களுக்கு நடுவே விழுகிற அந்தப் பள்ளம் அவள் முதுகுக்கே தெரியும், இப்போது அவளுக்கு அதேதான் தெரிந்தது, அவள் வீட்டுக்காரர் வாயை மட்டும் அசைக்கிறார். டிவிதான் சரியில்லையோ, ரிமோட்டை எடுத்து ஏற்றினாள், பியானோ பெரிதானது, பாஸில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, அவர் கை மட்டும் சும்மா சுற்றியது. அப்புறம்தான் அவளுக்கு அந்தப் பெண் ஞாபகம் வந்தாள், சென்னையில் படம் பிடித்த அன்று வந்த எடிட்டர் பெண், நிவேதா, துருதுருவென்று நல்ல பெண், எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள், அந்த மாடி ஹாலில் ஏசி ஸ்ஸ்ஸ் என்று இரைந்துகொண்டிருந்தது, நிறுத்தினால் விளக்குகளின் சூட்டில் ஆட்கள் வெந்துவிடுவார்கள், கோபாலன்கூடக் கேட்டான், ஏசி சத்தம் பதிவாகாதாம்மா? "அதெல்லாம் எடிட்ல எடுத்துடுவோம் அங்கிள், ஒரு பட்டன்தான், நாய்ஸ் சுத்தமா போயிடும்" என்றாள். போயிற்று. ஏசியின் ஸ்ஸ்ஸும் பிரஷ்ஷின் சர்ர்ரும் கம்ப்யூட்டருக்கு அக்கா தங்கை மாதிரி இருந்திருக்கும், இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது, துடைத்த பிறகு எவரும் உட்கார்ந்து கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஒருவருக்காவது, அந்த நிவேதாவுக்காவது, இந்த மனுஷன் கை இவ்வளவு ஓடுகிறதே, சத்தம் வரவில்லையே என்று தோன்றியிருக்காதா? கேட்டிருக்க மாட்டார்கள். ஜாஸ்தானே, இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டிருப்பார்கள். எவ்வளவு நிமிடம் கொடுத்தார்கள் என்பது இல்லை விஷயம் என்று அவளுக்கு இப்போது புரிந்தது, அமலனும் அவரும் இத்தனை வருஷம் சண்டை போட்டது தப்பான கணக்கு, ஒரு நிமிடம் கொடுத்தாலும் காது கொடுத்தார்களா என்பதுதான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நிறுத்திவிடலாமா என்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண் திரையில், விரல் முட்டியில் தாளம், உதட்டில் அந்த ஒரு பக்கச் சிரிப்பு. கோபம் அப்படியே வடிந்து அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது, ஐயோ, இவருக்குத் தெரியவில்லை. சொந்தக் கையின் சத்தம் இல்லாதது தெரியவில்லை. முப்பது வருஷமாகத் தினமும் தேய்த்த சத்தம், அது இல்லாமல் ஒரு பாட்டு ஓடுகிறது, இவர் தலையை ஆட்டுகிறார், அப்படியென்றால் இவருக்கு வீட்டில் விடியலில் வாசிக்கும்போதும் கேட்பதில்லையா, வெறும் ஞாபகத்தில்தான் வாசித்துக்கொண்டிருக்கிறாரா, எத்தனை நாளாக? கொசு போகட்டும், பால் பொங்கி வழிந்து போகட்டும், இது போயிற்றா? "அத்தான், கமெண்ட் வர ஆரம்பிச்சிடுச்சு" என்றான் அமலன், "ஒருத்தன், நல்லா தூக்கம் வந்துச்சுன்னு போட்டிருக்கான். ஒரு பொண்ணு, ஜாஸ் அங்கிள் ஜெயிச்சிட்டாருன்னு ஹார்ட் போட்டிருக்கு. இன்னொருத்தன் பாருங்க," என்று படித்துக்கொண்டே சிரித்துவிட்டான், "டிரம்மர் அண்ணே, தூசி தட்டி முடிச்சாச்சான்னு கேக்கறான்." செசிலி தம்பியை ஒரு பார்வை பார்த்தாள், சின்ன வயதில் அந்தப் பார்வைக்கு அவன் கட்டிலுக்கடியில் ஒளிவான். ஆனால் பிலவேந்திரன் கூடச் சேர்ந்து சிரித்தார், "இன்னும் முடியலடா, நெறைய தூசி" என்றார். சிரித்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தானும் சிரித்து வைத்தாள். மாதாவே, இந்தப் பாட்டு சீக்கிரம் முடிந்தால் தேவலை. இல்லை, முடியாமலே இருந்தால் தேவலை, முடிந்தால் எப்படி இருந்தது என்று கேட்பார். திரையில் அவர் கடைசியாக ஒரு நீள வட்டம் போட்டார், ஒரு கையெழுத்தை முடிப்பது மாதிரி கம்பியைச் சுண்டி எடுத்தார், மெளனமாக. ரெமியின் கடைசிச் சுரம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அமலன் கைதட்டினான், அத்தானைக் கட்டிப் பிடித்தான், எல்லாருக்கும் அனுப்பணும், வீட்டிலும் காட்டணும் என்று செருப்பைத் தேடிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். செசிலி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

குழாயைத் திறந்துவிட்டு ஒரே தம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவர் வந்து நின்றது தெரிந்தது, சாப்பாட்டு நேரம் தவிர அடுப்படிக்கு வராத மனுஷன். கை நீட்டிக் குழாயை மூடினார்.

"செசிலி. ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லு. பிரஷ் சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

தம்ளரிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்படியென்றால் தெரிந்திருக்கிறது, அந்தச் சிரிப்பு முழுக்க இதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாரா, வீடியோவா தன் காதா என்று தெரியாமல், பக்கத்தில் இருப்பவளைக் கேட்கவும் முடியாமல். கேட்டது என்று சொல்லிவிட்டால்? ஒரு வார்த்தை. நல்லா கேட்டுச்சுங்க, உங்களுக்குக் கேக்கலையா? அவ்வளவுதான், நாளைக்கே டாக்டரிடம் வந்துவிடுவார், அவள் ஒரு மாதமாக ஊக்கும் தீப்பெட்டியுமாக அலைந்தது நடந்துவிடும், பொய்தான், ஆனால் நல்லதற்கான பொய், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம். இல்லை என்று நிஜத்தைச் சொன்னால் இந்த மனுஷன் துள்ளிக் குதிப்பார், பார்த்தியா, என் காதுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் அவனுங்க வேலை என்பார், அப்புறம் இந்த ஜென்மத்தில் அவரை டாக்டரிடம் கூட்டிப் போக முடியாது. பொய்யைச் சொல், சொல். ஆனால் அதைச் சொன்னால் இன்று ராத்திரி முழுக்க அவர் என்னவென்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்? தன் சர்ர்ர் உலகத்துக்கெல்லாம் கேட்கிறது, தனக்கு மட்டும் செத்துப் போயிற்று என்று. ஒரு ராத்திரிக்குக்கூட அதை அவருக்குக் கொடுக்க அவளால் முடியாது. அவள் திரும்பி, வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி அவரைப் பார்த்து நின்றாள்.

"இல்லைங்க. எனக்கும் கேக்கல. ஏசி சத்தத்தோட சேத்துத் தொடைச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு சொல்லுச்சே, ஒரு பட்டன்னு."

அவர் முகம் மலர்ந்தது. அப்படிச் சிரித்தார், துடைப்பம் எங்கே என்று கேட்டதற்குச் சிரித்த அதே சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்து மேடையில் சாய்ந்துகொண்டார். "பாவிப் பசங்க! வருஷக்கணக்கா ஜாஸ் ஜாஸ்னு கெஞ்சி, கடைசில ஜாஸையே அழுக்குன்னு தொடைச்சுட்டானுங்களே! தூசி தட்டறேனாம்ல, தூசி! நாளைக்கே அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு, கண்ணு, அதைத் திரும்பிப் போடும்மான்னு சொல்லணும்." சிரித்துச் சிரித்து, மூக்கைத் துடைத்து, ஓய்ந்தார். செசிலியும் சிரித்தாள். போச்சு, டாக்டர் போச்சு என்று நினைத்துக்கொண்டே சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியும் அவர் போகவில்லை. அவள் கையிலிருந்த தம்ளரை வாங்கி மேடையில் கவிழ்த்து வைத்தார்.

"ஆனா பாரேன்," என்றார், "இதைக்கூட உன்னைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. அந்தத் தப்பு அவனுங்களுதா என்னுதான்னு எனக்குச் சொல்லத் தெரியல செசிலி. எதுக்கெடுத்தாலும் உன் மூஞ்சைப் பாத்துப் பாத்துத்தான் உக்காந்திருந்தேன்."

"தலையை ஆட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களே."

"நீ என்னையே பாத்துக்கிட்டு இருந்தியே, வேற என்ன செய்யறது?" தம்ளரைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, "அன்னைக்குப் பாயசம்னு கேட்டல்ல, அதுவும் காதுல விழல. அலமாரிக் கண்ணாடியில உன் வாய் தெரிஞ்சுது."

பாயசமும் இல்லை. இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பும் போயிற்று. அவர் அவள் முந்தானை நுனியைப் பிடித்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார், ரோஸ்லின் சின்னவளாக இருந்தபோது செய்வது மாதிரி.

"நாளைக்கு ஒனக்கு ஸ்கூல்ல ஏதாவது பரீட்சை கிரீட்சை இருக்கா?"

"ஏன்?"

"லீவு போட முடியுமான்னு கேட்டேன். தனியா போக பயமா இருக்கு."

"போட்டுக்கறேன்" என்றாள்.

பின்கட்டில் மெஷின் முடித்துவிட்டுக் கூப்பிட்டது. கீக், கீக், கீக். அவர் கண் அவள் முகத்தில்தான் இருந்தது.

"என்ன, மெஷினா?"

"ஆமாங்க."

"நல்லா கூப்பிடுதா?"

"நல்லா கூப்பிடுது."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு துணி எடுக்கப் போனார்.